கிழக்கு ஜன்னலும் ஒரு பாட்டுப் பெட்டியும்

(நம் சங்கத்தின் கூட்டமொன்றில் பேசியது. மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கு இணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இருபது நிமிடம் பேச வேண்டும், தலைப்பு உன் இஷ்டம் என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னபோது, ‘செயற்கைக்கோள் வானொலி’ என்று சொல்லி வைத்தேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன், ஏதோ ஆன்டெனா, அலைவரிசை என்று பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்து அவரும் சரி என்றார். ஆன்டெனாவைப் பற்றிப் பேசத்தான் போகிறேன். ஆனால் அதோடு நிறுத்தப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, ஒன்றைச் சொல்லி மேடையேறி வேறொன்றைப் பேசிவிட்டான் என்று யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது பாருங்கள்.

நாங்கள் 2007-இல் கல்லூரியில் சேர்ந்த செட். இரண்டாம் ஆண்டு ஹாஸ்டலில் எங்கள் தளத்தில் ஒருவர் அறையில் மட்டும் ‘வேர்ல்ட்ஸ்பேஸ்’ ரேடியோ இருந்தது. இங்கே இருக்கும் சிலருக்கு ஞாபகம் இருக்கும். சின்னப் பெட்டி. அதோடு ஒயரில் இணைத்த ஒரு சதுர ஆன்டெனா. சந்தா கட்டினால் விளம்பரத் தொல்லை அதிகமில்லாமல் நாள் முழுவதும் பாட்டுக் கேட்கலாம். ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பரத் தூதராக இருந்தார். தமிழுக்கென்று கே.எல். ரேடியோ என்று ஒரு நிலையம். அந்தப் பாட்டை அனுப்பிய ‘ஏஷியாஸ்டார்’ செயற்கைக்கோள் 105 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையில் நின்றது. நம் ஊரிலிருந்து பார்த்தால் கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து, வானத்தில் பாதிக்கு மேல் உயரத்தில். ஆகவே கிழக்கு ஜன்னல் உள்ள அறையில்தான் அது பாடும். அந்த நண்பருடையது கிழக்கு ஜன்னல் அறை.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஏழெட்டுப் பேர் அங்கேதான் கிடப்போம். அவருடைய கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய முறுக்கைத் தின்று, அவருடைய பெட்டியில் பாட்டுக் கேட்போம். வெளியே வந்ததும் அவருடைய நடையைக் கேலி செய்வோம். அவர் பேச்சு, கையை அசைக்கும் விதம் எல்லாம் எங்களுக்குச் சிரிப்பு. மெஸ் வரிசையில் அவர் வந்தால் பின்னாலிருந்து ஒரு குரல் ‘அக்கா, வழி விடுங்க’ என்னும். அதற்கும் சிரிப்போம். அந்த வருடம் ஹாஸ்டல் டேயில் ஒரு நாடகம் போட்டோம். அதில் வரும் ஒரு பாத்திரம் யார் என்று பெயர் சொல்லாமலே அரங்கம் முழுவதும் புரிந்துகொண்டது. கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. அந்த நாடகத்துக்கு வசனம் எழுதியவன் நான்.

மறுநாள் ராத்திரியும் அவர் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார். நாங்களும் போனோம். யாரும் எதுவும் பேசவில்லை. பாட்டு ஓடியது.

2008 அக்டோபரில் அந்த அமெரிக்கக் கம்பெனி திவால் மனுப் போட்டது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியாவில் ஒலிபரப்பு நின்றது. விடுமுறை முடிந்து ஜனவரியில் திரும்பி வந்தால் பெட்டி ஊமையாக இருந்தது. பெட்டி ஊமையானதும் அந்த அறைக்குப் போக எங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. 2011-இல் எல்லோரும் பட்டம் வாங்கினோம். அவரும் வாங்கினார். பிறகு தொடர்பே இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் இந்த மலருக்காக எங்கள் செட்டின் முகவரிகளைச் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. யார் யாரையோ பிடித்து அவருடைய எண்ணை வாங்கிப் பேசினேன். இப்போது அவர் திருநங்கை. பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறார். வேறு ஒரு நகரத்தில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். அரை மணி நேரம் பேசினோம். “பாட்டுப் பொட்டி ஞாபகம் இருக்காடா?” என்று அவர்தான் முதலில் கேட்டார். “அந்தப் பொட்டிய ஆரம்பத்துல யோசிச்சவங்கள்ல ஒருத்தர் எங்க ஆளுதான், தெரியுமா? போய்ப் படி.”

படித்தேன். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவருடைய அனுமதியோடுதான் பேசுகிறேன். எங்கள் செட்காரர்களுக்கு அவர் யார் என்று புரிந்துவிடும். புரியட்டும்.

அவர் சொன்ன ஆள் மார்ட்டீன் ராத்பிளாட். 1954-இல் அமெரிக்காவில் சிகாகோ நகரில் பிறந்தவர். வளர்ந்தது கலிஃபோர்னியாவில். கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, பாதியில் விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார். ஐரோப்பா, துருக்கி, ஈரான், கென்யா என்று போய்க் கடைசியில் இந்துமாக்கடலில் இருக்கும் சீஷெல்ஸ் தீவுக்கு வந்து சேர்ந்தார். வருடம் 1974. அங்கே அமெரிக்கர்களின் செயற்கைக்கோள் கண்காணிப்பு நிலையம் ஒன்று இருந்தது. கடல் நடுவே, சின்னத் தீவில், வானத்தைப் பார்த்து நிற்கும் பெரிய ஆன்டெனா. அதைப் பார்த்ததும் செயற்கைக்கோளால் உலகத்தையே ஒன்றாகக் கட்டிவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. திரும்பிப் போய் லாஸ் ஏஞ்சலிஸில் விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1977-இல் பட்டம். 1981-இல் சட்டமும் வணிக நிர்வாகமும் சேர்த்து இரட்டைப் பட்டம்.

இன்ஜினியர்களான நாம் கவனிக்க வேண்டிய விஷயம், அவர் இன்ஜினியர் இல்லை, வக்கீல். செயற்கைக்கோள் தொழிலில் ராக்கெட்டை விடக் கடினமானது அனுமதி. எந்த அலைவரிசை யாருக்கு, எந்த இடம் யாருக்கு என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்கும். அந்தச் சட்டத்தைப் புரிந்துகொண்டவர் கையில் வானம் இருக்கும். 1980-களில் அவர் கை வைத்த முயற்சிகளைப் பாருங்கள். பிரின்ஸ்டன் இயற்பியலாளர் ஜெரார்டு ஓநீல் தொடங்கிய ‘ஜியோஸ்டார்’. லாரிகள் எங்கே போகின்றன என்று செயற்கைக்கோள் மூலம் கண்டுபிடிக்கும் திட்டம். இன்று நம் கைப்பேசி செய்யும் வேலை. அதன் தலைமைப் பொறுப்பையும் ராத்பிளாட் வகித்தார். அந்தக் கம்பெனி 1991-இல் திவாலாயிற்று. அடுத்து ‘பான்ஆம்சாட்’. நாடு விட்டு நாடு செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் தொழில் அதுவரை அரசுகளின் கூட்டமைப்பான இன்டெல்சாட் கையில்தான் இருந்தது. அந்த ஏகபோகத்தை உடைத்த தனியார் நிறுவனம் பான்ஆம்சாட். 1988-இல் அதன் முதல் செயற்கைக்கோள் பறந்தது. அதன் தொடக்க வேலைகளிலும் அவர் பங்கு உண்டு.

1990-இல் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வானத்திலிருந்து வானொலி. அதன் ஆரம்பத் திட்டத்தில் ராத்பிளாட்டும் இருந்தார். நாங்கள் கட்டிலில் கிடந்து பாட்டுக் கேட்டதற்கு அங்கேதான் வேர் இருக்கிறது. இன்னொன்று, அவரே தொடங்கிய ‘சாட்டிலைட் சிடி ரேடியோ’ என்ற கம்பெனி. காரில் போகிறவர்களுக்குச் செயற்கைக்கோள் வானொலி தர அலைவரிசை ஒதுக்குங்கள் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் அந்தக் கம்பெனி மனுப் போட்டது.

அன்றைக்கு இது கேலிக்குரிய யோசனை. செயற்கைக்கோள் என்றால் வீட்டு மாடியில் பெரிய தட்டு வேண்டும் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். ஓடுகிற காரின் கூரையில் உள்ளங்கை அளவு ஆன்டெனா போதும் என்றால் யார் நம்புவார்கள்? வானொலி நிலைய முதலாளிகளின் சங்கம் கடுமையாக எதிர்த்தது. உள்ளூர் நிலையங்கள் அழிந்துவிடும் என்றார்கள். ஆனாலும் 1992-இல் ஆணையம் 2.3 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இடம் ஒதுக்கியது. 1997-இல் ஏலம் விட்டு இரண்டு கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. ராத்பிளாட் தொடங்கிய கம்பெனி 8 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஒன்றை எடுத்தது. 1999-இல் அதன் பெயர் ‘சிரியஸ்’ என்று மாறியது.

இனி நம் துறை விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் நமக்கு ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் தெரியும். ஆனால் வட அமெரிக்காவிலிருந்து பார்த்தால் அது தெற்கே தாழ்ந்து தெரியும். உயரமான கட்டடம், மரம், மலை எல்லாம் மறைக்கும். அதனால் சிரியஸ் முதல் மூன்று செயற்கைக்கோள்களையும் சாய்ந்த, நீள்வட்டமான பாதையில் விட்டது. 2000-ஆம் ஆண்டில் ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட்டுகளில் மூன்றும் போயின. ஒவ்வொன்றும் நாளில் சுமார் 16 மணி நேரம் வட பாதியின் மேலே இருக்கும். ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறும். ஏறக்குறைய தலைக்கு மேலிருந்து பாட்டு வரும். பாலத்துக்கு அடியில் கார் போனால்? ஒரே நிகழ்ச்சியைச் சில விநாடி முன்பின்னாக இரண்டு வழியில் அனுப்பி, ரேடியோவிலேயே சேமித்து வைத்து ஈடுகட்டினார்கள். 2002-இல் சேவை தொடங்கியது. 2008-இல் போட்டிக் கம்பெனியான எக்ஸ்.எம்.-உடன் இணைந்து சிரியஸ் எக்ஸ்.எம். ஆயிற்று. சந்தாதாரர்கள் 3 கோடியைத் தாண்டினார்கள்.

இந்த வெற்றி வந்தபோது ராத்பிளாட் அந்தக் கம்பெனியை நடத்தும் இடத்தில் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே விலகிவிட்டார். அதற்குக் காரணம் அவருடைய இளைய மகள். அந்தக் குழந்தைக்கு நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும் அபூர்வ நோய். குழாய் சுருங்கச் சுருங்க இதயம் திணறும். குணப்படுத்த வழியில்லை என்றார்கள் டாக்டர்கள். 1995-இல் வந்த மருந்தோ இரத்தத்தில் சில நிமிடம்தான் தாங்கும். இரவும் பகலும் பம்ப் வைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கல்லூரியில் உயிரியல் பக்கமே போகாத வக்கீல், மருத்துவ நூலகத்தில் போய் உட்கார்ந்தார். புரியாத சொல்லுக்கு அகராதி, அகராதி புரியாவிட்டால் பள்ளிக்கூடப் பாடப் புத்தகம். இப்படிப் படித்துக்கொண்டே போனபோது ஒரு பெரிய மருந்துக் கம்பெனி பாதியில் கைவிட்ட ஒரு மூலக்கூறு கண்ணில் பட்டது. நோயாளிகள் எண்ணிக்கை குறைவு, லாபம் வராது என்று மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். பல முறை நடந்து, கடைசியில் 25,000 டாலரும், விற்றால் பத்து சதவீதமும் தருவதாகச் சொல்லி உரிமை வாங்கினார். 1996-இல் ‘யுனைடெட் தெரபியூடிக்ஸ்’ கம்பெனி. 2002-இல் அந்த மருந்துக்கு அரசு அனுமதி. அந்த மகள் வளர்ந்து பெரியவளாகி அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 2013-இல் மாத்திரை வடிவத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரையின் பெயர் ‘ஓரனிட்ராம்’. ஆங்கிலத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்தால் மார்ட்டீன் என்று வரும்.

அந்தப் பெயருக்கு வருகிறேன். செயற்கைக்கோள் வக்கீலாக அவர் புகழ் பெற்றது மார்ட்டின் என்ற ஆணாக. 1994-இல், நாற்பதாவது வயதில், தாம் பெண் என்று வெளிப்படையாகச் சொல்லி மார்ட்டீன் ஆனார். ஆங்கிலத்தில் கடைசியில் ஓர் எழுத்துச் சேர்ந்தது. தமிழில் எழுதினால் ஒரு குறில் நெடிலாயிற்று, அவ்வளவுதான். பழைய பெயரை அவர் தூக்கி எறியவில்லை. கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

அவருக்கு அப்போது மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். மனைவி பீனா அவரை விட்டுப் போகவில்லை. நான் நேசிப்பது உன் தோலை அல்ல, உள்ளத்தை என்று மனைவி சொன்னதாக மார்ட்டீன் 2015-இல் ஒரு மேடையில் கூறினார். இளைய மகளோ அவரை ‘அப்பா’ என்றும் ‘அவள்’ என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். குழந்தைக்கு அதில் இலக்கணப் பிழை எதுவும் தெரியவில்லை.

இவரை ஒரு மகான் என்று சொல்ல நான் வரவில்லை. 2013-இல் அவருக்குக் கிடைத்த ஊதியம் சுமார் 3 கோடியே 80 லட்சம் டாலர். அமெரிக்காவில் அதிக ஊதியம் பெறும் பெண் நிர்வாகி என்று பத்திரிகைகள் எழுதின. வாழ்க்கையில் பாதியை ஆணாக வாழ்ந்தவள், அந்தப் பெருமையை மற்றப் பெண்களுக்குச் சமமாக நான் கேட்க முடியாது என்று அவரே சொன்னார். அது நேர்மை. ஆனால் அபூர்வ நோய்க்கான மருந்துகளின் விலை பற்றிய கேள்வி அவர் கம்பெனிக்கும் உண்டு. நோயாளிகள் கட்ட வேண்டிய பங்கை ஓர் அறக்கட்டளை வழியாகத் தானே கட்டித் தன் மருந்தை விற்றது என்று அமெரிக்க அரசு தொடுத்த குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள, 2017-இல் அந்தக் கம்பெனி 21 கோடி டாலர் கட்டியது. இதையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், மரபணு மாற்றிய பன்றியின் இதயத்தை 2022 ஜனவரியில் மேரிலாந்தில் ஒரு மனிதருக்குப் பொருத்தினார்களே, அந்தப் பன்றியை வளர்த்தது இவருடைய துணைக் கம்பெனி. அந்த நோயாளி இரண்டு மாதம் உயிரோடு இருந்தார். மாற்று உறுப்புக்குக் காத்திருந்தே சாகிறவர்களுக்கு அது ஒரு தொடக்கம்.

சரி, இதையெல்லாம் இந்தச் சபையில் ஏன் சொல்கிறேன்?

1990-இல் ஆணையத்துக்குப் போன மனுவில் இருப்பது பழைய பெயர். பழைய உரிமங்கள், பழைய கட்டுரைகள் எல்லாவற்றிலும் அதே பெயர். ஆனால் சிரியஸைத் தொடங்கியது யார் என்று இன்று கேட்டால் எல்லோரும் மார்ட்டீன் ராத்பிளாட் என்றுதான் எழுதுகிறார்கள். அதனால் எந்தச் செயற்கைக்கோளும் கீழே விழுந்துவிடவில்லை. ஆணையத்தின் பதிவேட்டில் பழைய எழுத்து அப்படியே இருக்கிறது. ஆளை அழைப்பது மட்டும் அவருடைய பெயரால்.

என் நண்பர் போனில் கடைசியாகக் கேட்டது இதுதான்: “டேய், மலர்ல என் பழைய பேரப் போடாத. புதுப் பேரப் போட முடிஞ்சா போடு. இல்லன்னா என் பேரே வேணாம். நான் படிக்கலன்னே இருக்கட்டும்.”

நாலு வருடம் நம்மோடு படித்து, நாமே கேலி செய்து, அதையும் பொறுத்துக்கொண்டு பட்டம் வாங்கிய ஒருவர், ‘நான் படிக்கவில்லை என்றே இருக்கட்டும்’ என்று சொல்கிறார். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “வசனம் நல்லாத்தான் இருந்துச்சு, நானே சிரிச்சேன்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மௌனம்.

மலர்க் குழுவில் கேட்டபோது, பட்டப் பதிவேட்டில் உள்ளபடிதான் போட வேண்டும், அதுதான் முறை என்று ஒரு மூத்தவர் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முறைக்குத்தான் பயந்தார். அவருக்கு என் பதில் இதுதான். மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆயிற்று. அதற்கு முன் வாங்கிய சான்றிதழ்களில் இன்றும் மெட்ராஸ் என்றுதான் இருக்கிறது. யாரும் அழிக்கவில்லை. அதற்காக இன்று கடிதம் எழுதும்போது முகவரியில் மெட்ராஸ் என்றா எழுதுகிறோம்? ஊருக்குச் செய்த மரியாதையை உடன் படித்தவருக்குச் செய்யக் கூடாதா? கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிய அக்காமார்கள் எத்தனையோ பேர் புதுப் பெயரோடு நம் பட்டியலில் இருக்கிறார்கள். அப்போது நாம் பதிவேட்டைத் தேடவில்லையே?

நம் மொழியிலும் ஒரு வசதி இருக்கிறது. ‘அவர்’ என்று ஒரு சொல். ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். மரியாதை கொடுக்கத் தெரிந்தால் தமிழில் யாரைப் பற்றிப் பேசவும் தடுமாற வேண்டியதில்லை. இந்தப் பேச்சில் ஆரம்பத்திலிருந்து என் நண்பரை ‘அவர்’ என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஹாஸ்டலில் அந்த ஒரு சொல்லை நான் அவருக்குக் கொடுத்ததில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. பெயர் மாற்றிக்கொண்ட எந்த உறுப்பினரும் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், சங்கப் பட்டியலில் அந்தப் பெயரே வர வேண்டும். இரண்டாவது, மறுசந்திப்பு அழைப்பிதழ் அவருக்கு அந்தப் பெயரில் போக வேண்டும். வருவதும் வராததும் அவர் விருப்பம். கதவைத் திறந்து வைப்பது நம் வேலை. அதை அவர் நமக்கு ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்.



*

மலருக்காக இதை எழுதிக் கொடுக்கும்போது இன்னும் சில வரிகள் சேர்க்க வேண்டியிருக்கிறது. அன்று கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது, பதிவேடு பற்றிச் சொன்ன அந்த மூத்தவரே என்னிடம் வந்து, “பேரைச் சரியா எழுதிக் குடு தம்பி, ப்ரூஃப் நானே பார்க்கிறேன்” என்றார். எங்கள் செட்டின் பெயர்ப் பட்டியல் இந்த மலரின் பின்பகுதியில் அகர வரிசையில் இருக்கிறது. அதில் ஒரு பெயர் இதற்கு முன் எந்தப் பட்டியலிலும் வராதது. அவர் விழாவுக்கு வருவாரா என்று இதை எழுதும் வரை பதில் இல்லை. பழைய பெட்டி இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். வந்தால் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாடாது. ஆனாலும் கிழக்கு ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.